புறக்கோட்டை நானாவிடம் படகின் ஸ்பீட் சென்சரைத் திருத்தக் கொடுத்தேன்

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். அவசரமாகக் கடை தேடுபவர்கள் இந்தப் பந்தியோடு நிறுத்திக்கொள்ளலாம். எங்கள் பாய்மரப் படகின் வேகம் காட்டும் சென்சர் வேலை செய்யாமல் போய்விட்டது. ஓரிடத்தில் முழுத் தொகுதியையும் மாற்றச் சொல்லி 185,000 ரூபா கேட்டார்கள். கொழும்பு புறக்கோட்டையில், முதலாம் குறுக்குத் தெருவுக்குப் பின்னால், ஒரு மாடி அறையில் வேலை செய்யும் நானா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) 6,500 ரூபாவுக்குத் திருத்தித் தந்தார். மூன்று தரம் போக வேண்டியிருந்தது. பதினொரு நாள் எடுத்தது. இரண்டு மாதமாக நன்றாக ஓடுகிறது. பழுது எங்கே என்று தெரியாமல் ஒரு சாமானையும் மாற்ற மாட்டேன் என்று நிற்கிற ஆள் வேண்டுமென்றால் இவரிடம் போங்கள்.

இனி ஆறுதலாகச் சொல்கிறேன்.

நான் கொழும்பில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். வெள்ளவத்தையில் வீடு. மூன்று குடும்பமாகச் சேர்ந்து ஒரு பழைய 23 அடிப் பாய்மரப் படகு வைத்திருக்கிறோம். அடியில் தண்ணீருக்குள் நீட்டி நிற்கும் அடிக் கத்தியை மேலே தூக்கக்கூடிய படகு என்பதால் ட்ரெய்லரில் ஏற்றலாம். வருஷத்தில் முக்கால்வாசி அது பொல்கொட ஏரியில் நிற்கும். தென்மேல் பருவக் காற்றில் மேற்குக் கடல் குழம்பியிருக்கும் மாதங்களில் கிழக்கே அமைதியாக இருக்கும். அப்போது சுமார் 260 கிலோமீற்றர் இழுத்துக்கொண்டு திருக்கோணமலைக்குக் கொண்டுபோவோம்.

ஃபோனில் ஜி.பி.எஸ். இருக்கும்போது படகுக்குத் தனியாக வேகமானி எதற்கு என்று எல்லோரும் கேட்பார்கள். ஜி.பி.எஸ். சொல்வது நிலத்தோடு ஒப்பிட்ட வேகம். படகின் அடியில் இருக்கும் சின்னச் சக்கரம் சொல்வது தண்ணீரோடு ஒப்பிட்ட வேகம். இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம்தான் நீரோட்டம். போன ஓகஸ்டில் திருக்கோணமலையின் சுவாமி மலைக்கு வெளியே பாயை எவ்வளவு இழுத்துக் கட்டியும் ஜி.பி.எஸ். மூன்று நொட்டை, அதாவது மணிக்குச் சுமார் ஐந்தரைக் கிலோமீற்றரைத் தாண்டவில்லை. பாய் பிழையா, நீரோட்டம் எதிரே வருகிறதா என்று எங்களுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஒரே வழி அந்தச் சக்கரம். அது 0.0 என்று காட்டிக்கொண்டிருந்தது. பிள்ளைகளும் படகில் இருந்தார்கள். இருட்டுவதற்குள் கரைக்குப் போய்விடுவோமா என்று கணக்குப் போட முடியாமல் நின்ற அந்த அரை மணித்தியாலத்தை நான் மறக்க மாட்டேன். கரைக்கு வந்ததும், இதைத் திருத்தாமல் அடுத்த வருஷம் கடலுக்கு வரமாட்டேன் என்று கணவரிடம் சொன்னேன்.

சென்சர் எப்படி இருக்கும் என்றும் சொல்ல வேண்டும். படகின் அடித்தட்டில் சுமார் 50 மில்லிமீற்றர் துளை. அதற்குள் ஒரு குழாய். குழாய்க்குள் மேலிருந்து செருகும் ஒரு உருளை. உருளையின் அடியில் நாலு இதழ் உள்ள பிளாஸ்டிக் சக்கரம் பாதி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். படகு ஓட ஓட, தண்ணீர் அதைச் சுழற்றும். எங்கள் சக்கரத்தில் ஒவ்வொரு இதழுக்குள்ளும் ஒரு குட்டிக் காந்தம் இருக்கிறது. உருளைக்குள் அசையாமல் இருப்பது காந்தத்தை உணரும் ஒரு ஹோல் சிப். காந்தம் முன்னால் வரும்போதெல்லாம் அது ஒரு துடிப்பை அனுப்பும். மேலே இருக்கும் திரை செக்கனுக்கு எத்தனை துடிப்பு என்று எண்ணி வேகமாகக் காட்டும். 1879இல் எட்வின் ஹோல் கண்டுபிடித்த விளைவு. வருஷா வருஷம் கரும்பலகையில் படம் கீறிப் படிப்பிக்கிறேன்.

சென்சரை வெளியே எடுப்பது பயமான வேலை. படகு தண்ணீரில் நிற்கும்போது உருளையை இழுத்தால் அந்தத் துளை வழியாகத் தண்ணீர் ஊற்று மாதிரிப் பாயும். எங்கள் படகில் துளை தண்ணீர் மட்டத்துக்குச் சுமார் 40 சென்ரிமீற்றர் கீழே இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன், செக்கனுக்கு மூன்று லீற்றருக்கு மேல் உள்ளே வரும். அடைப்பானை ஒரு கையில் தயாராக வைத்துக்கொண்டு, மற்றக் கையால் உருளையை இழுத்து, உடனே அடைப்பானைச் செருக வேண்டும். இரண்டு பேர் இல்லாமல் செய்யாதீர்கள். எங்களுக்கு ஒரு வாளித் தண்ணீர்தான் வந்தது.

சக்கரத்தில் சுண்ணாம்புக் கூடு கட்டும் பார்னக்கிள் ஆறேழு ஒட்டியிருந்தது. எங்கள் கடல்களில் இரண்டு வாரம் ஓடாமல் நின்றாலே போதும், வந்துவிடும். இது பெரும்பாலானவர்களுக்கு வரும் பழுது. பாதிப் பேருக்கு இதோடு வேலை முடிந்துவிடும். வினாகிரியில் ஓர் இரவு ஊறவைத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தேன். தின்னர், அசிற்றோன் எதுவும் கிட்டே கொண்டுபோகக் கூடாது, பிளாஸ்டிக் வெடித்துவிடும். ரப்பர் வளையத்துக்குச் சிலிக்கன் கிரீஸ் மட்டும் பூசினேன். சக்கரம் ஊதினாலே சுழன்றது. திரும்பப் போட்டுப் பார்த்தால் அதே 0.0.

அதன் பிறகு நானே சோதித்தேன். திரைக்குப் பின்னால் மூன்று கம்பி வருகிறது: சிவப்பு, பச்சை, சுற்றிப் பின்னிய வெறும் கம்பி. சிவப்பில் சென்சருக்கு 5 வோல்ட் போகிறது. பச்சையில் துடிப்புத் திரும்பி வருகிறது. பின்னல் கம்பிதான் பூமி. பச்சையையும் பின்னலையும் ஒன்றோடொன்று டக் டக்கென்று தொட்டால் திரை அதைச் சக்கரம் சுழல்வதாக நினைத்து வேகம் காட்ட வேண்டும். காட்டியது. ஆகவே திரை நல்லது.

எங்களுக்கு முன்பு படகை வைத்திருந்தவர் கேபிளை நடுவில் வெட்டி, படகின் அடியில், தண்ணீர் தேங்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே முறுக்கி இணைத்து, கறுப்பு டேப் சுற்றியிருந்தார். அந்த இணைப்பை அவிழ்த்து அங்கேயும் தொட்டுப் பார்த்தேன். அங்கேயும் திரை வேகம் காட்டியது. மல்ட்டிமீற்றரை வைத்தேன், 4.9 வோல்ட். எல்லாம் சரி. அப்படியென்றால் இணைப்புக்கு அங்கால் இருக்கும் சென்சர்தான் செத்துவிட்டது என்று முடிவுகட்டினேன். இந்த முடிவு பிழை. எங்கே பிழைத்தேன் என்பதைக் கீழே சொல்கிறேன். இந்த வேலையை நீங்களே செய்யப் போகிறீர்கள் என்றால் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது அது.

சென்சரைப் பொலித்தீன் பையில் போட்டுக்கொண்டு முதலில் ஒரு பெரிய இடத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம். கவுண்டரில் இருந்தவர் மரியாதையாகத்தான் கதைத்தார். ஆனால் சென்சரைப் பைக்கு வெளியே எடுக்கவே இல்லை. “மெடம், இது பழைய மொடல், சென்சர் மட்டும் வராது, திரை, கேபிள், சென்சர் மூன்றும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும், ஆறு வாரம் ஆகும்” என்று 185,000 ரூபாவுக்கு ஒரு விலைத்தாள் அடித்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து அந்தத் தாளை மேசையில் வைத்துவிட்டு நெடுநேரம் யோசித்தேன். மூன்றாகப் பிரித்தாலும் ஒரு குடும்பத்துக்கு அறுபதாயிரத்துக்கு மேல். இந்த விலைவாசியில் அதைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

நானாவைப் பற்றி எனக்குச் சொன்னது எங்கள் பாடசாலை ஆய்வுகூட உதவியாளர். “மோதரைப் பக்கத்து மீன்பிடிப் படகுக்காரர் எல்லாம் அவரிட்டத்தான் கொண்டு போறவை, ஒருக்காப் போய்ப் பாருங்கோ டீச்சர்” என்றார்.

கார் கொண்டுபோக வேண்டாம். நான் வெள்ளவத்தையிலிருந்து ரயிலில் கோட்டை நிலையத்துக்குப் போய், ஒல்கொட் மாவத்தையைக் கடந்து நடந்தேன். முதலாம் குறுக்குத் தெரு எப்போதும் போல ஃபோன் கவர், சார்ஜர், ஸ்பீக்கர், தள்ளுவண்டி, சுமை தூக்கும் நாட்டாமைமாரின் சத்தம். அங்கிருந்து சம்மாங்கோட்டுப் பள்ளிப் பக்கமாகத் திரும்பும் ஓர் ஒழுங்கையில், எல்.இ.டி. பல்ப் விற்கும் கடைக்கு மேலே மாடி. பெயர்ப் பலகை கிடையாது. படி செங்குத்து, முழங்கால் வருத்தம் உள்ளவர்களுக்குக் கஷ்டம். அறை பத்தடிக்குப் பத்தடி இருக்கும். ஒரு பக்கம் நெடுநாள் மீன்பிடிப் படகுகளிலிருந்து வந்த வி.எச்.எஃப். ரேடியோ செட்டுகளும் மீன் தேடும் கருவிகளும், ஒவ்வொன்றிலும் படகின் இலக்கம் எழுதிய துண்டு. மறுபக்கம் மோட்டார்சைக்கிள் மீற்றர்கள். சாமான் எல்லாம் வரிசையாக அடுக்கியிருந்தது எனக்குப் பிடித்தது. நானாவுக்கு அறுபது வயது இருக்கும். ஒரு பையன் உதவிக்கு இருக்கிறான்.

சென்சரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சக்கரத்தை விரலால் ஒருதரம் சுழற்றினார்.

“இது எங்கட மோட்டார்பைக் ஸ்பீடோ சென்சர் மாதிரித்தானே டீச்சர். தண்ணிக்க ஓடுது, அவ்வளவுதான்.”

பாய்மரப் படகில் அவர் வேலை செய்ததில்லை. அதை மறைக்கவும் இல்லை. திரை என்ன வோல்ட் கொடுக்கிறது, எந்தக் கம்பியில் என்ன, கடைசியாக எப்போது ஓடியது, நின்றது ஒரேயடியாகவா, விட்டு விட்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கேட்டதைப் பையன் ஒரு கொப்பியில் எழுதினான். அப்புறம் மேசையில் இருந்த மின்வழங்கியை 5 வோல்ட்டுக்குத் திருகி வைத்து, பச்சைக்கும் சிவப்புக்கும் இடையே ஒரு தடையையும் சின்ன எல்.இ.டி.யையும் கொளுவி, சக்கரத்தை மெதுவாகச் சுழற்றினார்.

எல்.இ.டி. மின்னியது. செத்துவிட்டது என்று நான் நினைத்த சென்சர் உயிரோடு இருந்தது.

எனக்குச் சந்தோஷமும் வந்தது, குழப்பமும் வந்தது. நானா ஒன்றும் சொல்லாமல் இன்னும் மெதுவாகச் சுழற்றினார். “ஒண்டு, ரெண்டு, மூணு… பாருங்க டீச்சர், ஒண்டு விடுது. ஒண்டு, ரெண்டு, மூணு… விடுது.” நாலு இதழில் ஒன்று வரும்போது வெளிச்சம் வரவில்லை. பூதக் கண்ணாடியை என்னிடம் தந்தார். அந்த இதழில் காந்தம் இருக்க வேண்டிய குழியில் கபில நிறத்தில் துருத்தூள் மட்டும் இருந்தது. மேலே பூசியிருந்த பசை எப்போதோ வெடித்து, உப்புத் தண்ணீர் உள்ளே போய்க் காந்தத்தைத் தின்றுவிட்டிருக்கிறது.

அப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் திரை ஜி.பி.எஸ்.ஐ விட மிகக் குறைவாகக் காட்டத் தொடங்கியது. நான் என்ன செய்தேன் என்றால், அளவு சரிசெய்யும் எண்ணை 1.38 வரை உயர்த்தி, இரண்டையும் ஒன்றாக்கிவிட்டேன். நாலு துடிப்பு வர வேண்டிய இடத்தில் மூன்று வந்தால் மூன்றில் நாலு பங்கு, அதாவது 1.33 மடங்கு கூட்டத்தான் வேண்டும். காந்தம் போன பழுதை நான் எண்ணால் மூடி வைத்திருக்கிறேன். உங்கள் திரையில் அந்த எண் ஒன்றுக்குப் பக்கத்தில் இல்லாமல் எங்கேயோ இருந்தால், எண்ணை விட்டுவிட்டுச் சக்கரத்தைப் பாருங்கள்.

ஆனால் ஒரு காந்தம் போனதால் வேகம் குறையுமே தவிர 0.0 ஆகாது. அதை நான் சொல்ல முதலே நானா கேட்டார்: “கேபிளிட மற்றப் பாதி எங்க?”

படகில் இருக்கிறது என்றேன். அங்கே 4.9 வோல்ட் வந்தது, தொட்டால் திரை எண் காட்டியது, கேபிள் நல்லது என்று என் சோதனைகளை எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இருக்கட்டும், அதையும் கொண்டு வாங்க. நான் காணாம நல்லம் எண்டு சொல்ல ஏலாது” என்றார். அன்றைக்கு ஒரு சதமும் வாங்கவில்லை. சக்கரத்தை மட்டும் வைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பொல்கொடைக்குப் போய், திரையிலிருந்து இணைப்பு வரை உள்ள ஆறு மீற்றர் கேபிளை இழுத்து எடுத்தோம். செவ்வாய்க்கிழமை பாடசாலை விட்ட பிறகு இரண்டாம் தரம் போனேன்.

இந்த இரண்டாம் நாளுக்காகவே இந்த விமர்சனத்தை எழுத வேண்டும் என்று நினைத்தேன். நானா கேபிளின் ஒரு முனையில் 5 வோல்ட் கொடுத்து, மறுமுனையில் என் மல்ட்டிமீற்றரையே வைக்கச் சொன்னார். 4.9. நான் படகில் பார்த்த அதே எண். “இப்ப பாருங்க” என்று அந்த முனையில் 470 ஓம் தடை ஒன்றைக் குறுக்கே பிடித்தார். எண் 1.2க்கு விழுந்தது. தடையை எடுத்தால் 4.9. வைத்தால் 1.2. கேபிளை வளைத்தார், 3 வந்தது. இன்னொரு பக்கம் வளைத்தார், 0.6.

மல்ட்டிமீற்றர் மின்னோட்டம் எடுப்பதே இல்லை என்று சொல்லலாம். அதனால் கேபிளில் எவ்வளவு தடை இருந்தாலும் அதற்கு முழு வோல்ட்டும் தெரியும். ஹோல் சிப் உயிர்வாழச் சில மில்லி அம்பியராவது வேண்டும். அதை இழுக்கப் போனால் வோல்ட் எல்லாம் கேபிளிலேயே விழுந்துவிடுகிறது. கணக்குப் போட்டேன்: கேபிளுக்குள் சுமார் 1,450 ஓம். ஒன்றிரண்டு ஓமுக்கு மேல் இருக்கக் கூடாத இடம். நான் பச்சையைத் தொட்டபோது திரை ஏன் எண் காட்டியது என்பதும் விளங்கியது. துடிப்புக் கம்பிக்கு மிகச் சிறிய மின்னோட்டம் போதும், 1,450 ஓம் அதற்குத் தடையே இல்லை. என் இரண்டு சோதனையும் சரியாகத்தான் செய்யப்பட்டவை. இரண்டும் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை. அகத் தடை உள்ள மின்கலத்துக்குச் சுமை கொடுத்தால் வோல்ட் விழும் என்று எத்தனை பிள்ளைகளுக்குக் கணக்குச் செய்வித்திருக்கிறேன். அதே கணக்கு என் படகுக்குள் கிடந்தது. அடுத்த வாரம் அந்தத் தடையையும் ஒரு துண்டுக் கேபிளையும் வகுப்புக்குக் கொண்டுபோனேன், பிள்ளைகள் கையால் செய்து பார்த்தார்கள்.

நானா இணைப்புப் பக்கமிருந்து கேபிளின் தோலை உரித்தார். ஓர் அங்குலம், கறுப்பு. நாலு அங்குலம், கறுப்பு, நடுநடுவே பச்சைக் களிம்பு. இரண்டு அடி உரித்தும் செம்பின் நிறம் வரவில்லை. டேப்பின் கீழே வந்த உப்புத் தண்ணீரைப் பின்னல் கம்பி விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல உள்ளே இழுத்திருக்கிறது. வெளியே தோல் புதுசு மாதிரி இருந்தது.

பாதியை வெட்டி மீதியை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். “வெட்டலாம். எங்க நிக்குது எண்டு தெரியாது. கடல்ல போய் நிண்டா டீச்சர் என்னைத்தான் நினைப்பீங்க” என்றார். புதிய பின்னல் கேபிள் ஆறு மீற்றர் போடச் சம்மதித்தேன்.

அவர் காந்தம் வைத்த விதத்தையும் சொல்ல வேண்டும். குழியிலிருந்த துருவைக் கையால் திருகும் நுண்ணிய துளையானால் சுரண்டி எடுத்து, மதுசாரத்தால் கழுவி உலரவிட்டார். மூன்று மில்லிமீற்றர் அகலமுள்ள நியோடிமியம் காந்தம் ஒன்றை எடுத்தார். எந்தப் பக்கம் வெளியே பார்க்க வேண்டும்? இந்த மாதிரிச் சிப் காந்தத்தின் ஒரு முனைக்கு மட்டுமே பதில் சொல்லும், திருப்பி வைத்தால் கண்டுகொள்ளாது. அதைச் சென்சரிடமே கேட்டார். காந்தத்தை ஒரு பக்கமாகக் காட்டினார், எல்.இ.டி. எரிந்தது. மறுபக்கம் காட்டினார், எரியவில்லை. எரிந்த பக்கத்தில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்தார். மற்ற மூன்று இதழின் பசையையும் ஊசியால் குத்திப் பார்த்து, வெடிப்பு இருந்த ஒன்றுக்கு மேலே புதிதாகப் பூசினார். நான் அதைக் கேட்கவில்லை, அதற்குக் காசும் போடவில்லை.

எப்பொக்சி காயும் வரை ஒரு நாள் வேண்டும். பசை மாற்றிய இதழ் தண்ணீருக்குள் தாங்குமா என்று கேட்டதற்கு நேராகப் பதில் சொன்னார்: ஒரு சீசன் நிச்சயம், இரண்டு சீசன் பார்க்கலாம், அதற்குள் வெளிநாட்டிலிருந்து யாராவது வந்தால் புதுச் சக்கரம் எடுப்பியுங்கள். சக்கரம், அச்சு, ரப்பர் வளையம் மட்டும் தனியாக ஒரு பொதியாகக் கிடைக்கிறது. ரொறன்ரோவில் இருக்கும் மச்சாளிடம் சொல்லியிருக்கிறேன். சென்சர் மட்டும் வராது என்று என்னிடம் சொன்ன இடத்தில் இந்தப் பொதியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

மூன்றாம் தரம் போனபோது வேலை முடிந்து ஒரு வாளித் தண்ணீருக்குள் சென்சர் ஓடிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து ஓடுகிறது என்றான் பையன். ஒரு சின்ன மோட்டாரால் தண்ணீரைக் கலக்கி விட்டிருந்தார்கள். எல்.இ.டி. ஒரு துடிப்பும் விடாமல் மின்னியது. நானா தேநீர் எடுப்பித்தார். படகு வேகத்துக்கு ஏன் நொட் என்கிறார்கள் என்று கேட்டார். முடிச்சுப் போட்ட கயிற்றில் ஒரு பலகையைக் கட்டிக் கடலில் விட்டு, 28 செக்கன் மணல் கடிகாரம் ஓடி முடிவதற்குள் எத்தனை முடிச்சுக் கையை விட்டுப் போகிறது என்று எண்ணிய கதையைச் சொன்னேன். எங்கள் அப்பப்பா வல்வெட்டித்துறை. அந்த ஊரில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை பாயிலேயே போனது. அதைச் சொன்னபோது நானா கையிலிருந்த வேலையை வைத்துவிட்டுக் கேட்டார். என்னென்ன கண்டிருப்பாங்க என்றார்.

பில்: கேபிள் 2,100, காந்தம், பசை, முனைகள் 900, கூலி 3,500. மொத்தம் 6,500 ரூபா. கூலி குறைவு என்று எனக்குப் பட்டது, கூடக் கொடுத்தேன், வாங்கவில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் போகிறவர்கள் என்னைக் குறைசொல்வீர்கள். ஃபோன் எடுக்க மாட்டார், கையில் வேலை இருந்தால் பையனையும் எடுக்க விடமாட்டார். முடியும் நாளைச் சொன்னார், அதற்கு நாலு நாள் பிந்தியது. ரசீது கேட்டால்தான் எழுதித் தருவார். எழுத்தில் உத்தரவாதம் கிடையாது. படகுக்கு வந்து பூட்டித் தரமாட்டார், அதை நீங்களே செய்ய வேண்டும். உள்ளே பசை உள்ள, சூடாக்கினால் சுருங்கும் குழாய் அவரிடம் இல்லை. கடல் வேலைக்குச் சாதாரணச் சுருங்கு குழாய் போதாது என்பதை அவரே சொன்னார், பழைய சோனகத் தெருவில் இரண்டு மூன்று கடை ஏறி நான்தான் வாங்கினேன். இவையெல்லாம் அவசரக்காரர்களுக்குப் பெரிய குறை. திருக்கோணமலைக்குப் புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது நான் போயிருந்தால் எனக்கும் கோபம் வந்திருக்கும்.

பூட்டும்போது நானா சொன்னபடி இணைப்பை அடித்தட்டிலிருந்து மேலே தூக்கி, இருக்கைக்குப் பின்னால் ஒரு நீர்புகாப் பெட்டிக்குள் வைத்தோம். கேபிள் பெட்டிக்குள் போவதற்கு முன் கீழே ஒரு வளைவு விட்டிருக்கிறோம். தண்ணீர் கேபிளோடு வழிந்து வந்தாலும் அந்த வளைவில் சொட்டிவிடும், பெட்டிக்குள் போகாது.

பிறகு பொல்கொடையில் அளவு சரிபார்த்தோம். பாய் இல்லாமல், இயந்திரத்தை ஒரே வேகத்தில் வைத்து, ஒரே கோட்டில் போய்த் திரும்பி வந்தோம். போகும்போது ஜி.பி.எஸ். 4.2, திரை 4.0. வரும்போது 4.0, 3.9. ஒரு திசையில் மட்டும் பார்க்கக் கூடாது. ஏரியிலும் காற்று மேல்தண்ணீரைத் தள்ளும். இரண்டு திசையையும் கூட்டினால் அந்தப் பிழை பெரும்பாலும் போய்விடும். கூட்டிப் பிரித்தேன், 8.2க்கு 7.9. எண்ணை 1.04க்கு வைத்தேன். 1.38 இருந்த இடத்தில் 1.04. மகள்தான் சுக்கான் பிடித்தாள். பாயை ஏற்றி, முன்பாயின் கயிற்றை ஒரு கை அளவு தளர்த்தினோம், 3.6 இருந்தது 3.8 ஆனது. ஃபோன் அதைச் சொல்ல இன்னும் நேரம் எடுத்தது. “அம்மா, இது உடனே சொல்லுது” என்றாள்.

அந்தத் திரையின் படத்தை எடுத்துக்கொண்டு போன கிழமை நானாவிடம் போய்க் காட்டினேன். அவர் பெயரையும் இலக்கத்தையும் இங்கே போடட்டுமா என்று கேட்டேன். இருக்கிற வேலையே முடிக்க நேரமில்லை, வேண்டாம் டீச்சர் என்றார். அதனால்தான் போடவில்லை. எல்.இ.டி. பல்ப் கடையில் கேட்டால் மேலே கை காட்டுவார்கள்.

காலை பத்தரைக்குப் பிறகு போங்கள். வெள்ளிக்கிழமை ஜும்மா நேரம் பூட்டியிருக்கும், திரும்பத் திறக்க இரண்டு மணியாகும். போகும்போது சென்சரை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். கேபிளின் மற்றப் பாதியையும் கொண்டுபோங்கள்.